100 வெள்ளிக்கு எத்தனை ரூபாய்? நாடுகள் தங்கள் செலாவணி முறையைத் தேர்ந்தெடுக்கும் விதம்

காரைக்குடியில் பி.காம். படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறது. அக்கா வீட்டுக்குத் துபாயிலிருந்து, எதிர்வீட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து, கடைசி வீட்டுக்குக் கோலாலம்பூரிலிருந்து. திர்ஹம் டாலரை விட்டு அசைவதே இல்லை. சிங்கப்பூர் வெள்ளி, அதாவது அந்த ஊர் டாலர், மெல்ல மெல்ல ஏறுகிறது. ரிங்கிட் ஏறுகிறது, இறங்குகிறது. இதையெல்லாம் யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? நம் ரூபாயையும் ஒரே விலையில் நிறுத்திவிட்டால் என்ன? இன்னும் ஏறட்டும் என்று அத்தான் திர்ஹத்தை அனுப்பாமல் வைத்திருக்கிறார், அது சரியா?"

வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்ததையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு நாட்டுக்கு வெளியிலிருந்து அடி விழுந்துகொண்டே இருக்கும். எண்ணெய் விலை ஏறும். விற்கிற சரக்கின் விலை விழும். கடன் கொடுத்தவன் திடீரென்று பணத்தைத் திருப்பிக் கேட்பான். அந்த அடி எங்கேயாவது இறங்கியே தீரும். பணத்தின் விலையை அசையவிட்டால் அங்கே கொஞ்சம் இறங்கும். அதை முளையடித்துக் கட்டிவிட்டால் வட்டியில், கூலியில், வேலையில், சில சமயம் நிலத்தில் போய் இறங்கும். எங்கே இறங்கினால் தன்னால் தாங்க முடியும் என்று ஒவ்வொரு நாடும் பார்க்கிறது, அல்லது பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் இதன் விவரம்தான்.

இதைப் படிக்க நமக்கு வெளியூர்ப் புத்தகம் வேண்டியதில்லை. ஒரு பெரிய செட்டியார் வீட்டின் பட்டாலையில் (கூடத்தில்) இரண்டு பழைய பேரேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. ஒன்று ரங்கூன் வட்டிக்கடைக் கணக்கு, மற்றது பினாங்கு வட்டிக்கடைக் கணக்கு. ரங்கூன் ஏட்டில் ரூபாய், அணா, பை அவ்வளவுதான். பர்மா அப்போது இந்தியாவின் ஒரு மாகாணம், அங்கேயும் நம் ரூபாய்தான் ஓடியது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர் அங்கே கொடுத்த ரூபாயும் இங்கே ஆச்சி கையில் இருந்த ரூபாயும் ஒன்றே. பினாங்கு ஏட்டில் அப்படி இல்லை. வெள்ளிக்கு (மலாயா டாலருக்கு) ஒரு பத்தி, ரூபாய்க்கு ஒரு பத்தி, ஓரத்தில் அன்றைய செலாவணி, அதாவது மாற்று விலை. ஒரே குடும்பம், ஒரே தொழில். ஆனால் ஒரு கடைக்குச் செலாவணிக் கவலை கிடையாது, இன்னொரு கடைக்கு உண்டு.

அந்த ஓரக் கணக்கை விளக்குகிறேன். 1906இல் மலாயா வெள்ளியை இங்கிலாந்துப் பணத்தோடு கட்டினார்கள்: ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ். ரூபாயும் அதே இங்கிலாந்துப் பணத்தோடுதான் கட்டப்பட்டிருந்தது, 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கு. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். இரண்டையும் பென்ஸாக்கி வகுத்தால் 28க்கு 16. ஆக, பினாங்கில் சம்பாதித்த 100 வெள்ளி ஊருக்கு வரும்போது 175 ரூபாய். முதல் உலகப் போரில் இந்தக் கட்டு அறுந்து ரூபாய் தாறுமாறாக ஆடியது. பிறகு 1927இல் சட்டம் போட்டு மறுபடி கட்டினார்கள். இந்த முறை 1 ஷில்லிங் 6 பென்ஸ். இப்போது 28க்கு 18. அதே 100 வெள்ளிக்கு 155 ரூபாய் 9 அணாவுக்கும் சற்றுக் குறைவு. பினாங்கில் யாருக்கும் நஷ்டம் வரவில்லை, கடன் வாங்கியவன் ஒழுங்காகக் கட்டினான். ஆனாலும் இங்கே வந்து சேர்ந்த பணம் பழைய விலையோடு பார்த்தால் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

இரண்டு பென்ஸ் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம், அன்றைக்கு நாடே இதைப் பற்றிச் சண்டை போட்டது. 18 பென்ஸைப் பரிந்துரைத்த அரசாங்கக் குழுவான ஹில்டன் யங் கமிஷனில் இருந்த பம்பாய் வணிகர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ், பழைய 16 பென்ஸே போதும் என்று தனியாக மறுப்பு எழுதினார். காரணம் எளிது. ரூபாயின் விலை உயர்ந்தால் லண்டனுக்கு பவுண்டில் கட்ட வேண்டிய பென்ஷனுக்கும் கடனுக்கும் அரசாங்கத்துக்குக் குறைந்த ரூபாய் போதும், இங்கிலாந்துத் துணியும் இங்கே மலிவாக இறங்கும். நெல், பருத்தி, சணல் விளைவிக்கிறவனுக்கும் உள்ளூர் ஆலைக்காரருக்கும் கையில் வருவது குறையும். முடிவெடுக்கும் மேஜையில் முதல் கூட்டத்தாரின் கையே ஓங்கியிருந்தது, இரண்டாம் கூட்டத்தாரின் குரல் எடுபடவில்லை. எந்த நாடு எந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறது என்று கேட்கும்போது அந்த மேஜையில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பாடப் புத்தகங்கள் இதைச் சுருக்கமாகத் தாண்டிப் போய்விடுகின்றன.

இப்போது செலாவணிக் கவலையே இல்லாத ரங்கூன் கடைக்கு வருவோம். 1930இல் உலகமெங்கும் தானிய விலை சரிந்தது. பர்மாவில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. விவசாயி வாங்கிய கடன் ரூபாயில் எழுதியது எழுதியபடி நிற்கிறது. அவன் விற்கும் நெல்லுக்குப் பாதி ரூபாய்தான் வருகிறது. ரூபாய் இறங்கியிருந்தால் அதே நெல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் ரூபாய் கிடைத்திருக்கும், கடனின் பாரமும் கொஞ்சம் தணிந்திருக்கும். அந்த வழி அடைபட்டிருந்தது. 18 பென்ஸைக் காப்பாற்றுவதற்காக அரசாங்கம் பணப்புழக்கத்தை இறுக்கியே வைத்திருந்தது. விலை அசையவில்லை, ஆகவே நிலம் அசைந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். ஏழெட்டு வருஷத்தில் அது 25 சதவீதம் ஆயிற்று. அவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய நிலம் இல்லை அது, வராக் கடனுக்குப் பதிலாக வந்தது. அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். கிடைத்தது விற்க முடியாத வயலும், நிலத்தை இழந்தவர்களின் கோபமும். 1942இல் ஜப்பானியர் வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். சுதந்திர பர்மா 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. அத்தனைக்கும் செலாவணிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. உலக விலை சரிந்ததே முதல் அடி. அந்த அடி வெளியேற இருந்த ஒரு கதவைச் செலாவணி அடைத்து வைத்தது, அதன் பங்கு அது. பர்மா தேக்குத் தூண்கள் நிற்கும் நம் வளவுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது நெல் விலை வரும், ஜப்பான்காரன் வருவான், 18 பென்ஸ் வராது. அது எனக்கு எப்போதும் ஒரு குறை.

பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது 1937 ஏப்ரலில். அதே வருஷம் பிப்ரவரி 10ஆம் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது ஒரே நாளில் மூன்று கிளைகள் திறந்தார்: சென்னை, காரைக்குடி, ரங்கூன். அந்நியச் செலாவணித் தொழிலுக்கென்றே ஒரு வங்கி, அதன் முதல் மூன்று ஊர்களில் ஒன்று நம் ஊர். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் பெருமையாகத்தான் இருக்கிறது.

சரி, இன்றைய நாடுகளுக்கு வருவோம். ஒரு அரசாங்கத்துக்கு மூன்று ஆசைகள் இருக்கும். பணத்தின் விலை நிலையாக நிற்க வேண்டும். பணம் தடையில்லாமல் வந்து போக வேண்டும். உள்ளூர் வட்டியை நாமே வைக்க வேண்டும். இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ராபர்ட் மண்டெல், மார்கஸ் ஃபிளெமிங் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவர் 1960களில் இதற்கு வழி காட்டினார்கள். மண்டெலுக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏன் இரண்டுதான் என்பதை நம் வட்டிக்கடைக் கணக்கிலேயே பார்க்கலாம். ரூபாயை டாலரோடு கட்டிவிட்டோம், கதவும் திறந்திருக்கிறது, அமெரிக்காவில் வட்டி 6, இங்கே நாம் 4 என்று வைக்கிறோம். என்ன நடக்கும்? இங்கே 4க்கு வாங்கி அங்கே 6க்குப் போடுவார்கள். விலை அசையாது என்று நாமே சத்தியம் செய்திருக்கிறோம், அவர்களுக்கு என்ன பயம்? எல்லோரும் ரூபாயைக் கொடுத்து டாலர் கேட்பார்கள். ரிசர்வ் வங்கி கொடுத்துக்கொண்டே இருந்தால் பெட்டகம் காலியாகும். ஆக, வட்டியை 6 ஆக்க வேண்டும், அல்லது கதவைச் சாத்த வேண்டும், அல்லது முளையைப் பிடுங்க வேண்டும்.

உங்கள் தெருவின் மூன்று வீடுகளிலும் இந்தக் கணக்குத்தான் ஓடுகிறது.

துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகம் வட்டியை விட்டுக்கொடுத்தது. 1997இலிருந்து ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம். எண்ணெய் டாலரில் விற்கிறது, வருமானமே டாலரில்தான், ஆகவே டாலரோடு கட்டுவது இயல்பு. அமெரிக்கா வட்டியை ஏற்றினால் அவர்களும் ஏற்றுகிறார்கள், ஊரில் வியாபாரம் மந்தமாக இருந்தாலும் சரி. அப்படியானால் அடி எங்கே இறங்குகிறது? 2009இல் துபாயில் கட்டுமானம் நின்றபோது திர்ஹம் ஒரு பைசா அசையவில்லை. ஆட்கள் திரும்பி வந்தார்கள். பெரும்பாலான தொழிலாளர்கள் வெளிநாட்டுக்காரர்களாக இருக்கும் நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட முடியும். அந்த வருஷம் எங்கள் கிளையில் மாதாமாதம் வந்த தொகை நின்றுபோன கணக்குகள் எனக்கு முகம் முகமாக நினைவிருக்கின்றன. திர்ஹத்தின் உறுதிக்கு ஒரு பகுதி விலையை நம் தெருக்களே கொடுக்கின்றன.

சிங்கப்பூர் வேறு மாதிரி யோசித்தது. சாப்பாட்டிலிருந்து தண்ணீர்வரை வெளியிலிருந்து வாங்கும் ஊர். அதன் ஏற்றுமதி இறக்குமதியைக் கூட்டினால் நாட்டின் மொத்த உற்பத்தியைப் போல் மூன்று மடங்கு. அங்கே வீட்டுக்கு வீடு விலைவாசியைத் தீர்மானிப்பது வெள்ளியின் மதிப்புதான், உள்ளூர் வட்டி இல்லை. அதனால் 1981இலிருந்து அவர்களுடைய நாணய ஆணையம் வட்டியைச் சந்தைக்கு விட்டுவிட்டு, வெள்ளியின் மதிப்பையே கைப்பிடியாக வைத்துக்கொண்டிருக்கிறது. பல நாட்டுப் பணங்களைச் சேர்த்த ஒரு கூடையோடு வெள்ளியை ஒப்பிட்டு, ஒரு வரம்புக்குள் ஆடவிட்டு, அந்த வரம்பையே மெல்லச் சாய்வாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கூடையில் எது எத்தனை பங்கு என்பதை வெளியே சொல்வதில்லை. வெளியே விலைவாசி ஏறினால் சாய்வைக் கூட்டுவார்கள், இறக்குமதிச் சரக்கு மலிவாகும். உங்கள் எதிர்வீட்டார் பார்க்கும் மெல்லிய ஏற்றத்துக்குக் காரணம் இதுதான். என் கணிப்பில் உலகத்திலேயே தன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்ட சட்டை இது ஒன்றுதான். மற்ற நாடுகள் பெரும்பாலும் கடையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டன.

மலேசியக் கதை கொஞ்சம் நீளம். 1967இல் மலேசியாவும் சிங்கப்பூரும் பொது நாணயத்தைப் பிரித்துக்கொண்டபோதும் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்றே மாறின. 1973இல் அந்த ஏற்பாட்டை விட்டார்கள். இன்றைக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். புருணை விடவில்லை, இன்றும் அதன் டாலர் சிங்கப்பூர் வெள்ளிக்குச் சமம். 1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் பாட் நாணயத்தை டாலரிலிருந்து கட்டவிழ்த்தது. டாலரில் கடன் வாங்கி உள்ளூரில் கட்டடம் கட்டியவர்கள் நிறைந்த நாடு அது. 25 பாட்டாக இருந்த டாலர் ஆறு மாதத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்தத் தீ மலேசியாவுக்கும் தாவியது. இரண்டரை ரிங்கிட்டாக இருந்த டாலர் 1998 ஜனவரியில் நாலரையைத் தாண்டிப் போனது. அந்த வருஷம் செப்டம்பரில் பிரதமர் மகாதீர் கதவைச் சாத்தினார். டாலருக்கு 3.80 என்று கட்டினார், வெளிநாட்டில் கிடந்த ரிங்கிட்டைத் திரும்ப அழைத்தார், பயணி 1,000 ரிங்கிட்டுக்கு மேல் கொண்டுபோகவோ கொண்டுவரவோ கூடாது என்றார். வட்டியைத் தன் விருப்பப்படி குறைத்துக்கொண்டார்.

அந்த நாட்களில் பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி எங்கள் கவுண்டருக்கு வந்தார். மஞ்சள் பைக்குள் ஒரு பழைய மைலோ டப்பா, அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட ரிங்கிட் நோட்டுக் கட்டு. மகன் ஒவ்வொரு முறை வரும்போதும் கொடுத்துவிட்டுப் போனது, பேத்தி கல்யாணத்துக்காகச் சேர்த்து வைத்தது. "மாத்திக் குடுங்க தம்பி" என்றார். நான் மாற்ற முடியாது, வாங்குவாரில்லை. கொண்டுபோய் அங்கே செலவழிக்கலாம் என்றால் அதற்கும் 1,000 வரம்பு. "இது அவுக ராசா தலை போட்ட நோட்டுத்தானே, செல்லாதா?" என்று கேட்டார். செல்லும் ஆச்சி, அங்கே மட்டும் செல்லும் என்றேன். மகனும் அவன் நண்பர்களும் வந்து போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கதவைச் சாத்துவது என்று புத்தகத்தில் ஒரு வரியாக எழுதுவது எனக்கு அந்த டப்பாவாகத்தான் தெரிகிறது. அப்படிச் செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். மலேசியாவுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. 2005 ஜூலை 21இல், சீனா தன் யுவானை டாலரிலிருந்து அவிழ்த்த அதே நாளில், ரிங்கிட்டையும் அவிழ்த்துவிட்டார்கள். அதிலிருந்துதான் கடைசி வீட்டார் பார்க்கும் ஏற்ற இறக்கம்.

கட்டிய முளையைப் பெட்டகத்தில் டாலர் இல்லாமல் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்த்தால் போதும். 2021 பிற்பகுதியில் ஒரு டாலர் 200 ரூபாய் என்று பிடித்து வைத்திருந்தார்கள். வெளிச் சந்தையில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர் என்ன செய்வார்? வங்கியை விட்டுவிட்டு உண்டியலில் அனுப்பினார். ஆமாம், நம் செட்டியார்கள் கொழும்பில் புழங்கிய அதே உண்டியல் என்ற சொல், இன்றும் அங்கே வங்கிக்கு வெளியே பணம் அனுப்புவதற்குப் பெயர். வங்கிக்கு வர வேண்டிய டாலர் வரவில்லை, பெட்டகம் இன்னும் வேகமாகக் காலியானது. 2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள், இரண்டே மாதத்தில் டாலர் 350ஐத் தாண்டியது. ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்டுவதை நிறுத்தினார்கள். மருந்துக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். இதே முளையை இறுக்கமான சட்டத்தோடு பிடிப்பவர்களும் உண்டு. ஹாங்காங் 1983இலிருந்து அமெரிக்க டாலருக்கு 7.80 என்று நிற்கிறது, வெளியிடும் நோட்டுக்கு முழுக்க அமெரிக்க டாலர் வைத்திருக்கிறது. அர்ஜெண்டினா 1991இல் ஒன்றுக்கு ஒன்று என்று கட்டி 2002இல் உடைந்தது. ஈக்வடார் 2000இல் தன் பணத்தையே விட்டுவிட்டு டாலருக்கு மாறிவிட்டது.

இனி ரூபாய். நிறுத்திவிட்டால் என்ன என்கிறீர்கள். நாம் நிறுத்தித்தான் வைத்திருந்தோம். 1927இன் அந்த 155½ ரூபாய்க் கணக்கு, நடுவில் ஜப்பானியர் ஆண்ட வருஷங்களைத் தவிர, 1966வரை மாறவில்லை. 1966 ஜூன் 6ஆம் தேதி டாலர் 4.76இலிருந்து 7.50 ஆனது. ஒரே இரவில் 100 வெள்ளி 245 ரூபாய். அப்புறம் 1991: இரண்டு வார இறக்குமதிக்குத்தான் டாலர் இருந்தது, தங்கத்தை இங்கிலாந்துக்கு அனுப்பி அடகு வைத்தோம், ஜூலை 1, 3 தேதிகளில் இரண்டு தவணையாக மதிப்பை இறக்கினோம். அன்றைக்கு வர்த்தக அமைச்சர் கானாடுகாத்தானில் பிறந்த ப. சிதம்பரம். 1993 மார்ச்சில்தான் விலையைச் சந்தையிடம் விட்டோம்.

நிறுத்தி வைத்தது ஏன் ஒவ்வொரு முறையும் உடைந்தது? ஒரு பனையோலைக் கொட்டானை (சிறு கூடையை) எடுத்துக்கொள்ளுங்கள். செய்ய 400 ரூபாய் ஆகிறது, டாலர் 80, ஆக 5 டாலருக்கு விற்கலாம். ஐந்து வருஷத்தில் ஓலையும் கூலியும் ஏறி 520 ஆகிறது. டாலர் 80லேயே நின்றால் இப்போது ஆறரை டாலர் கேட்க வேண்டும். வாங்குகிறவன் வேறு நாட்டுக்குப் போய்விடுவான். நம் விலைவாசி அமெரிக்க விலைவாசியைவிட வேகமாக ஏறும்வரை, ரூபாய் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது கொட்டான் முடைகிற பெண்ணுக்கு வேலையைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. அதற்கு விலையாக நாம் பெட்ரோலுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம், ஏனென்றால் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி இறக்குமதி. ஒரு பெரிய நாடு, மழையை நம்பிய விவசாயம், 140 கோடிப் பேர். நமக்கு வேண்டிய வட்டியை வாஷிங்டன் தீர்மானிக்க விடக்கூடாது என்பது என் திடமான எண்ணம். ஆகவே விலையை ஆடவிட்டு, மிகவும் ஆடும்போது மட்டும் ரிசர்வ் வங்கி கை வைக்கிறது. கதவையும் முழுக்கத் திறக்கவில்லை.

2013இல் அதைக் கிட்ட இருந்து பார்த்தேன். மே மாதம் 55ஐ ஒட்டி இருந்த டாலர் ஆகஸ்ட் 28இல் 68ஐத் தாண்டியது. ரிசர்வ் வங்கி ஆளுநராகப் புதிதாகப் பொறுப்பேற்ற ரகுராம் ராஜன், வெளிநாட்டு இந்தியர்கள் டாலரில் கூடுதலாக டெபாசிட் போட வழிசெய்தார். வங்கிகளிடம் வருஷத்துக்கு 3.5 சதவீதம் மட்டும் வாங்கிக்கொண்டு, டாலர் ஏறினால் வரும் நஷ்டத்தை ரிசர்வ் வங்கியே ஏற்றுக்கொண்டது. மூன்று மாதத்தில் ஏறக்குறைய 2,600 கோடி டாலர் வந்தது. காரைக்குடிக் கிளையில் இரவு எட்டு மணிவரை சிங்கப்பூருக்கும் மஸ்கட்டுக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசியாக உங்கள் அத்தான். திர்ஹம் டாலரோடு கட்டியிருப்பதால் அவர் பார்க்க வேண்டியது ரூபாய்க்கும் டாலருக்கும் உள்ள விலை மட்டுமே. 1993இல் 31 ரூபாயாக இருந்த டாலர் 2023 முடிவில் 83. பெரிதாகத் தெரிகிறது, வருஷக் கணக்குப் போட்டால் டாலர் ஏறியது சராசரியாக மூன்றரை சதவீதத்துக்கும் குறைவு. நடுவில் ரூபாய் ஏறிய வருஷங்களும் உண்டு. அக்கா வீட்டில் எட்டரை, ஒன்பது சதவீதத்தில் வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருந்தால், மூன்றுக்காக ஒன்பதைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். கடன் இருந்தால் இந்த மாதமே அனுப்பி அசலில் கழிக்கச் சொல்லுங்கள். கடன் இல்லையென்றால் மாதாமாதம் பிரித்து அனுப்பட்டும். உச்ச விலையைப் பிடித்துக் கொடுத்தவரை முப்பது வருஷத்தில் நான் கவுண்டரில் பார்த்ததில்லை.